ஊர்ப் பட்டியலை உரக்க வாசியுங்கள்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஒரு பட்டியலை வாசித்தோம். பி.எம். கிசான் திட்டத்தில் எங்கள் கிராமத்தில் பணம் வாங்குகிறவர்களின் பட்டியல் அது. பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்ததால் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி வாசித்தாள். பெரியவர்கள் வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டார்கள். முதல் தாள் முடிவதற்குள்ளேயே தகராறு வந்துவிட்டது.

“ராமசாமின்னா எந்த ராமசாமி? மேட்டுத்தெருவா, ஏரிக்கரையா?”

“ஏரிக்கரை ராமசாமி போய்ச் சேர்ந்து ரெண்டு வருசமாச்சே. அவரு பேருக்கு எப்படிப் பணம் வரும்?”

“மேட்டுத்தெருக்காரரு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவருக்குக் கெடையாதே!”

ஒரே ஒரு பெயரைக் கேட்டதும் இரண்டு கேள்விகள் வந்துவிட்டன. சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் எந்தக் கணினிக்கும் இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரியாது. யாருடைய நிலம் எங்கே முடிகிறது, யார் எப்போது இறந்தார், யார் மகன் எந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறான் என்பதெல்லாம் ஊருக்குத்தான் தெரியும். அரசு மானியம் யாருக்குப் போகிறது என்பதை அறியப் பெரிய படிப்பு தேவையில்லை. பட்டியலைக் கையில் எடுத்து, ஊர் கூடிய இடத்தில் உரக்க வாசிக்க வேண்டும். அதை முறையாகவும் யாருக்கும் கேடு வராமலும் செய்வது எப்படி என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

முதலில் விதி தெரிந்திருக்க வேண்டும். விதி தெரியாமல் பட்டியலைப் பார்த்தால் வாய்க்கால் தகராறும் பழைய பங்காளிச் சண்டையும்தான் பேச்சில் வரும்.

பி.எம். கிசான் 2019 பிப்ரவரியில் தொடங்கி, 2018 டிசம்பரிலிருந்து கணக்கிட்டு வழங்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம் மூன்று தவணை. தொடக்கத்தில் இரண்டு ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2019இன் நடுவில் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். இப்போது ஐம்பது ஏக்கர் வைத்திருப்பவருக்கும் அதே 6,000தான். குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு பயன். நிலம் 2019 பிப்ரவரி 1ஆம் தேதி அன்று அவர் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வாங்கிய நிலத்துக்குக் கிடையாது. வாரிசாக வந்த நிலத்துக்கு உண்டு. இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாங்கக் கூடாதவர்கள்: வருமான வரி கட்டுகிறவர்கள், அரசுப் பணியில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் (கடைநிலை ஊழியர்களுக்கு விலக்கு உண்டு), மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், இந்நாள் முன்னாள் அமைச்சர்கள், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், மேயர்கள், மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவர்கள், தொழில் செய்துகொண்டிருக்கும் டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆடிட்டர் போன்றோர். எங்கள் மேட்டுத்தெரு வாத்தியார் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவராக இருந்தால் அவர் பெயர் பட்டியலில் இருக்கக் கூடாது. தனியார் பள்ளி என்றால் கதை வேறு. அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை என்பதால், பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டோம்.

2020இல் நடந்தது

கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் இந்தக் கதையை இன்றும் சொல்வார்கள். கொரோனா ஊரடங்கில் வேலை இல்லாமல் இருந்த கூலித் தொழிலாளர்களிடம் இடைத்தரகர்கள் வந்து, கொரோனா நிவாரணம் வரப்போகிறது என்று சொல்லி ஆதார் நகலையும் வங்கி பாஸ்புக் நகலையும் வாங்கிப் போனார்கள். விவசாயிகள் தாங்களே இணையத்தில் பதிந்துகொள்ளலாம் என்ற வசதி அப்போது இருந்தது. பதிவுக்கு ஒப்புதல் தர வேண்டிய ஊழியர்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியே கம்ப்யூட்டர் சென்டர்களுக்குப் போயின. ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள் ஒரே இரவில் விவசாயிகள் ஆனார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில், அப்போது வேளாண்மைத் துறைச் செயலராக இருந்த ககன்தீப் சிங் பேடி கணக்கை வெளியிட்டார். தகுதியில்லாமல் சேர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர். போன தொகை 110 கோடி ரூபாய். 80 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள், 34 பேர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள், தரகர்கள் கைதானார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தந்த பதிலில் நாடு முழுவதற்கும் கணக்கு வந்தது: தகுதியற்றவர்கள் 42 லட்சத்துக்கும் மேல், தொகை 3,000 கோடிக்குச் சற்றுக் குறைவு. அதில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 340 கோடி.

2021இன் தொடக்கத்தில் காமன்வெல்த் மனித உரிமை முன்முயற்சி அமைப்பைச் சேர்ந்த வெங்கடேஷ் நாயக் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய ஒரு பதிலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக் கணக்குப்படி தகுதியற்ற 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி போயிருந்தது. அவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுகிறவர்கள்! கூலித் தொழிலாளி பெயரில் நடந்த மோசடி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வரி கட்டுகிற வசதிக்காரர் சத்தமில்லாமல் வாங்கியது ஒரு மனு போட்ட பிறகுதான் வெளியே வந்தது.

எனக்கு இன்னமும் உறுத்துவது வேறொன்று. பணத்தைத் திரும்பப் பிடித்தபோது முதலில் முடங்கியவை அந்தக் கூலிக்காரர்களின் வங்கிக் கணக்குகள்தான். நூறு நாள் வேலைச் சம்பளமும் முதியோர் உதவித்தொகையும் அதே கணக்கில்தான் அவர்களுக்கு வந்துகொண்டிருந்தன. ஊர்ப் பட்டியலை அந்தந்த ஊரில் மாதம் ஒருமுறை யாராவது வாசித்திருந்தால், “நிலமே இல்லாத நம்ம அஞ்சலை பேரு எப்படி இதுல வந்துது?” என்று முதல் தவணையிலேயே கேட்டிருப்பார்கள். தரகர் அகப்பட்டிருப்பார், அஞ்சலை தப்பியிருப்பாள்.

பட்டியலை எடுப்பது

பி.எம். கிசான் இணையதளத்தின் முகப்பில் ‘ஃபார்மர்ஸ் கார்னர்’ என்றொரு பகுதி இருக்கும். அதற்குள் ‘பெனிஃபிஷியரி லிஸ்ட்’ என்பதைத் தொட்டு, மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வந்துவிடும். கடவுச்சொல் வேண்டாம், அனுமதி வேண்டாம், யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

வட்டமும் வட்டாரமும் வேறு வேறு என்பதில் பலர் தடுமாறுவார்கள். வட்டம் தாசில்தாருடையது, வட்டாரம் ஊராட்சி ஒன்றியம். உங்கள் ஊர் ஒரு வட்டத்திலும் இன்னொரு பெயருள்ள ஒன்றியத்திலும் இருக்கலாம். வருவாய்க் கிராமத்தின் பெயரும் நாம் பேச்சில் சொல்லும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பட்டாவில் உள்ள கிராமப் பெயரைப் பார்த்துத் தேடுங்கள். குக்கிராமம் என்றால் தாய்க் கிராமத்தின் பட்டியலில் உங்கள் பெயர்கள் இருக்கும்.

அச்செடுத்தால் முதல் தாளின் மேல் மூலையில் தேதி எழுதுங்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்து இரண்டையும் அருகருகே வைத்தால், யார் புதிதாக வந்தார்கள், யார் காணாமல் போனார்கள் என்பது தெரியும். காணாமல் போனவர்களைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். பெரும்பாலும் அவர்கள் தகுதியுள்ள ஏழைகள்.

வாசிக்கும்போது

பட்டியலில் பெயர் மட்டும்தான் இருக்கும், கூடவே ஆணா பெண்ணா என்ற குறிப்பு. தகப்பன் பெயர் இல்லை, புல எண் இல்லை, பரப்பு இல்லை. ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் ஊரில் இது பெரிய குறை. பெயருக்கு எதிரே தெருவையும் தகப்பன் அல்லது கணவர் பெயரையும் பென்சிலால் எழுதிக்கொண்டே போங்கள். அடையாளம் தெரியாத பெயர்கள் மிஞ்சும். அவற்றுக்கு அ-பதிவேட்டைப் பாருங்கள். புல எண் தெரிந்தால் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டு விவரத்தை இலவசமாகவே பார்க்கலாம். நிலம் யார் பெயரில், எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா என்பது அதில் வரும்.

எங்கள் திண்ணையில் ஒரு பெயரை யாருக்கும் தெரியவில்லை. “இந்தப் பேருல நம்ம ஊர்ல ஆளே கெடையாது, போலிதான்” என்று ஒருவர் முடிவே கட்டிவிட்டார். அடுத்த வாரம் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டதில், பக்கத்து டவுனில் இருந்துகொண்டு இங்கே முக்கால் ஏக்கர் வாங்கி வேலிகாத்தானை வெட்டித் திருத்திப் பயிர் வைக்கிறவர் என்று தெரிந்தது. வாங்கியது 2015இல். தகுதியுள்ளவரே. அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் ஒரு நேர்மையான மனிதரைத் திருடனாக்கியிருப்போம்.

ஆகவே ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் எழுவது கேள்வி. ஆவணத்தைப் பார்த்த பிறகே அது புகார். புகாரிலும் “இவர் மோசடி செய்தார்” என்று எழுத வேண்டாம். “பட்டியலில் வரிசை எண் 43இல் உள்ள பெயருக்கு உரியவர் இறந்துவிட்டதாக அறிகிறோம், சரிபார்க்கவும்” என்று எழுதினால் போதும். வட்டார உதவி வேளாண்மை இயக்குநருக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மனுநாளில் ஒன்று. இரண்டுக்கும் ஒப்புகை வாங்குங்கள். தவறாக வாங்கியவர் தானே உணர்ந்து திருப்பிக் கட்டவும் அதே இணையதளத்தில் வழி இருக்கிறது. ஊருக்குள் முகம் கெடாமல் பிரச்சினையை முடிக்க அது நல்ல வழி. முதலில் அதைச் சொல்லிப் பாருங்கள்.

இணையத்தில் இல்லாத பட்டியல்கள்

பி.எம். கிசான் பட்டியல் எளிது. தொகை எல்லோருக்கும் ஒன்று, பட்டியல் திறந்திருக்கிறது. பெரிய மானியங்கள் இருக்கும் இடம் வேறு. சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. பவர் டில்லர், களையெடுக்கும் கருவி, சோலார் பம்ப்செட், வெள்ள நிவாரணம் என்று வரிசை நீளும். ஒருவருக்கு 2,000 ரூபாய் போவதும் ஒருவர் பெயரில் லட்ச ரூபாய்க் கருவி போவதும் ஒன்றாகாது. உங்கள் நேரத்தைப் பெரிய தொகையின் பக்கம் செலவிடுங்கள்.

இதற்குச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005இன் பிரிவு 4(1)-இல் ‘பி’ உட்பிரிவின் பன்னிரண்டாவது இனம், மானியத் திட்டங்கள் நடைபெறும் முறை, ஒதுக்கிய தொகை, பயனாளிகளின் விவரம் ஆகியவற்றை யாரும் கேட்காமலே அலுவலகம் தானாக வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடவில்லை என்றால் கேளுங்கள். தமிழ்நாட்டில் மனுவோடு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

மனு கெடுவது பெரும்பாலும் கேள்வி கேட்கும் விதத்தில். “மானியத்தில் ஏன் முறைகேடு நடக்கிறது?” என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் எழுதும் வாசகம் இப்படி இருக்கும்: “2024–25ஆம் நிதியாண்டில் எங்கள் கிராமத்தில் நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தில் மானியம் பெற்றவர்களின் பெயர், புல எண், பரப்பு, மானியத் தொகை, கருவி அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் பெயர், அமைத்து முடித்த தேதி ஆகியவை அடங்கிய பதிவேட்டின் நகல் தேவை. அந்தப் பதிவேட்டை நேரில் பார்வையிடவும் விரும்புகிறேன்.” ஒரு திட்டம், ஒரு ஆண்டு, ஒரு கிராமம். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் கேட்காதீர்கள். அவை உங்களுக்குத் தேவையும் இல்லை, கேட்டால் முழு மனுவையும் மறுக்க ஒரு சாக்கு ஆகிவிடும்.

பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. தகுந்த காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். நேரில் பார்வையிடப் போனால் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. போகும்போது தனியாகப் போகாதீர்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

பதில் வந்ததும் வயலுக்குப் போங்கள். சொட்டுநீர் போட்டதாகச் சொல்லும் புல எண்ணில் பக்கவாட்டுக் குழாய்கள் கிடக்கின்றனவா, வடிகட்டி இருக்கிறதா, அல்லது குழாயைச் சுருட்டி மாட்டுக்கொட்டகைப் பரண்மேல் போட்டிருக்கிறார்களா என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். சில இடங்களில் விவசாயியின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பாதிக் குழாயோடு நிறுவனத்து ஆள் போயிருப்பார். அங்கே ஏமாற்றப்பட்டவர் விவசாயிதான். அவரையும் சேர்த்துக்கொண்டு மனு எழுதுங்கள்.

தனிமனிதரின் மறைப்பும் ஊரின் உரிமையும்

“என் பெயரை ஏன் ஊர் முழுக்க வாசிக்கிறீர்கள்?” என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. ஐரோப்பாவில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. அங்கே விவசாய மானியம் வாங்குவோர் பெயரையும் தொகையையும் இணையத்தில் வெளியிட்டார்கள். ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநில விவசாயிகள் எதிர்த்து வழக்காடினார்கள். 2010 நவம்பர் 9 அன்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம், எவ்வளவு காலம், எவ்வளவு தொகை என்று எந்த வேறுபாடும் பார்க்காமல் தனிமனிதர் எல்லோர் பெயரையும் வெளியிடுவது அளவுக்கு மீறியது என்று தீர்ப்பளித்தது. நிறுவனங்களின் பெயரை வெளியிடலாம் என்றது. அதன் பிறகு 2013இல் விதியைத் திருத்தி எழுதினார்கள்: ஆண்டுக்கு 1,250 யூரோவுக்கு மேல் போகாத சிறு விவசாயியின் பெயர் மறைக்கப்படும், மற்றவர்கள் பெயரும் தொகையும் இரண்டு ஆண்டு இணையத்தில் இருக்கும். சிறியவருக்கு மறைப்பு, பெரியவருக்கு வெளிச்சம் என்ற அந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது.

நம் நாட்டிலும் இப்போது காற்று மாறியிருக்கிறது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)-இல், தனிநபர் தகவலை மறுக்க இடம் தரும் ‘ஜே’ உட்பிரிவிலிருந்த நிபந்தனைகளை நீக்கிச் சுருக்கிவிட்டது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ‘தனிநபர் தகவல்’ என்று ஒரே வரியில் மறுப்பது இனி அலுவலகங்களுக்கு எளிது. அப்படி மறுத்தால் மேல்முறையீட்டில் இரண்டைச் சுட்டுங்கள். பயனாளிகளின் விவரத்தை வெளியிடச் சொல்லும் பிரிவு 4 அப்படியேதான் இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் விலக்கு உள்ள தகவலையும் தரலாம் என்னும் பிரிவு 8(2)-உம் இருக்கிறது. பொதுப்பணத்தில் வாங்கிய தொகை ஊருக்குத் தெரிய வேண்டும். வாங்கியவரின் கடனும் நோயும் குடும்பச் சங்கடமும் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. பதிலில் அப்படி ஏதாவது வந்துவிட்டால் கறுப்பு மையால் அடித்துவிட்டு வாசியுங்கள்.

வாசிக்க ஏற்ற இடம்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வேளாண்மைத் துறை ஆளும் பெரும்பாலும் வந்து திட்டங்களைப் பற்றிப் பேசுவார். பேசி முடித்ததும் எழுந்து, பயனாளிகள் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள், அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ராஜஸ்தானில் அருணா ராயும் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டனும் 1994இல் ஊர்ப் பொதுவிசாரணைகளைத் தொடங்கியபோது செய்தது இவ்வளவுதான். கூலிப் பட்டியலையும் பில்லையும் ஊர் நடுவில் வாசித்தார்கள். அங்கிருந்துதான் தகவல் உரிமைச் சட்டமே பிறந்தது.

பட்டியலில் வராதவர்கள்

வாசித்து முடித்த பிறகு இன்னொரு கேள்வி கேளுங்கள்: உழுகிறவர்களில் யார் பெயர் வரவில்லை? டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாகக் குத்தகைக்குச் செய்கிறவருக்குப் பட்டா இல்லை, ஆகவே 6,000 இல்லை. நாற்று நட்டு, களை எடுத்து, கதிர் அறுக்கும் பெண்ணுக்கு இல்லை, நிலம் கணவர் பெயரில் இருப்பதால். இந்தப் பெயர்களையும் தனித்தாளில் எழுதி அதே மனுவோடு இணையுங்கள்.

எங்கள் திண்ணையில் கடைசித் தாள் முடிந்ததும் ஓரமாக உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர், “ஏம்ப்பா, எங்க வூட்டுக்காரரு பேரு வாசிச்சீங்களா?” என்று கேட்டார். இல்லை. அவர் இறந்ததும் பணம் நின்றுவிட்டது. அறுபது சென்ட் நிலத்தின் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே கிடந்தது. வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் அலைந்து நாலு மாதம் ஆனது. பிறகு ஆயாவின் பெயரில் புதிதாகப் பதிந்தோம். இணையதளத்தில் அவருடைய நிலையைப் பார்த்தால் மூன்று வரிகள் வருகின்றன. நில விவரம் இணைந்துவிட்டது. இ-கே.ஒய்.சி. முடிந்துவிட்டது. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு மட்டும் ‘இல்லை’ என்று காட்டுகிறது. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஆயாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டும்.